பூனைமுடிக்கு எந்த ரேசர்? வாசகர் கேள்விகள்

சேஃப்டி ரேசர், அதாவது இருபக்கமும் முனை உள்ள ஒற்றைப் பிளேடை மாட்டும் ரேசர், பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மெல்லிய தாடிக்காரர்களுடையவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் "எது பெஸ்ட்?" என்று மட்டும் கேட்டவற்றை ஒதுக்கிவிட்டேன். அந்த ரகத்தில் ஒன்றை மட்டும் மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறேன்.

கேள்வி: வயது 19. மீசையும் தாடை நுனியும் தவிர வேறெங்கும் முடி பெரிதாக இல்லை. இதுவரை பல பிளேடு வைத்த தலையோடு மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசர்தான். முதல் சேஃப்டி ரேசராக எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, மூன்று விஷயம் பார்த்தால் போதும். பிளேடுக்குக் கீழே பல் வைத்த சீப்பு இல்லாமல் நேரான விளிம்பு இருக்க வேண்டும். தோலைக் கடிக்காத மென்மையான ரகமாக இருக்க வேண்டும். சோப்பு நுரை பட்ட கையிலும் கைப்பிடி வழுக்கக் கூடாது. மெர்க்குர் 34சி, எட்வின் ஜாகர் டிஇ89, மூலே ஆர்89, ஃபெதர் ஏஎஸ்-டி2 எல்லாமே இந்தக் கணக்கில் வரும். நான்கில் ஃபெதர்தான் மிக மென்மை. டிஇ89-உம் ஆர்89-உம் தலையில் ஒன்றேதான், கைப்பிடி மட்டும் வேறு. ஆகவே அந்த இரண்டில் எது சிறந்தது என்று கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

34சி சுமார் 80 கிராம் இருக்கும். கைப்பிடி குட்டை. அந்த எடைதான் வேலை செய்ய வேண்டும், உங்கள் கை அல்ல. அழுத்தாதீர்கள். கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்கு ஏற்பத் தானே அசையும், இதில் அந்த வேலையை மணிக்கட்டு செய்யும். பிளேடுக்கு மேலே உள்ள மூடியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடு முடியைத் தொடும் சத்தம் கேட்கும் இடம்தான் கோணம், ஏறக்குறைய 30 டிகிரி. உங்கள் முகத்துக்கு முடி வளரும் திசையில் ஒரு சுற்று, அதாவது மழிக்கும் இடம் முழுக்க ஒருமுறை, போதும். தாடை நுனியில் மட்டும் குறுக்காக இன்னொன்று. எதிர்த்திசை வேண்டாம், இப்போதைக்கு.

கேள்வி: பிளேடுக்குக் கீழே பல் வைத்த சீப்பு உள்ள ஓப்பன் கோம்ப் ரேசர் வாங்கினால் நெருக்கமாக மழிக்குமாமே?

பதில்: நாலைந்து நாள் வளர்ந்த அடர்த்தியான தாடியில் நுரை அடைக்காமல் இருப்பதற்காக வந்தது அது. உங்களிடம் அடைப்பதற்கு முடியே இல்லை. வேண்டாம்.

கேள்வி: ஒரு ரேசரின் பிளேடு இடைவெளி 0.58 மில்லிமீட்டர், இன்னொன்று 0.61. எனக்கு மெல்லிய முடி என்பதால் 0.58 வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே? 12 ரேசர்களை ஒப்பிட்டு ஒரு அட்டவணையும் போட்டிருக்கிறேன்.

பதில்: இந்த அட்டவணைகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. முதலில் அளவைப் பாருங்கள். பிளேடின் தடிமனே 0.1 மில்லிமீட்டர். நீங்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் வித்தியாசம் 0.03. அதாவது பிளேடு தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சாதாரணத் தலைமுடி ஒன்றின் தடிமன்கூட இதைவிட அதிகம். வார்ப்பில் செய்த தலை, மேலே குரோம் முலாம் என்றால், ஒரே மாடலில் இரண்டை வாங்கி அளந்தாலே இந்த அளவுக்கு முன்பின் இருக்கலாம். பிளேடின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும்கூட.

அதைவிடப் பெரிய தப்பு, இடைவெளி ஒன்றை மட்டும் பார்ப்பது. இடைவெளி என்பது பிளேடு முனைக்கும் கீழே உள்ள பாதுகாப்பு விளிம்புக்கும் நடுவில் உள்ள தூரம். மூடியின் ஓரத்தையும் பாதுகாப்பு விளிம்பையும் தொட்டு ஒரு நேர்கோடு இழுத்துப் பாருங்கள். பிளேடு முனை அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா, கோட்டின் மேலேயே நிற்கிறதா, உள்ளே ஒளிந்திருக்கிறதா? உங்கள் தோல் உணர்வது முக்கியமாக இதைத்தான். 0.7 இடைவெளி இருந்தும் முனை உள்ளே தள்ளியிருந்தால் ரேசர் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். 0.5 இடைவெளி இருந்தும் முனை வெளியே நீட்டினால் கடிக்கும். இந்த நீட்டலைப் பெட்டி மேல் யாரும் அச்சடிப்பதில்லை, ஆகவே உங்கள் அட்டவணையிலும் அது இல்லை.

மூன்றாவதாக, ரேசரின் தலை பிளேடை எவ்வளவு இறுக்கமாக, முனைக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்கிறது என்பது. முனைக்கு வெகு தூரம் உள்ளே பிடித்தால் பிளேடு முடியில் பட்டதும் அதிரும். மெல்லிய முடியில் இது உடனே தெரியாது. தாடை நுனியில் உள்ள நாலு தடித்த முடியில் சொரசொரவென்று தெரியும், அப்போதுதான் "இந்த ரேசர் மோசம்" என்று எனக்கு எழுதுவீர்கள். அது போக, ஆளாளுக்கு அளக்கும் முறையும் வேறு. ஒருவர் பிளேடு மாட்டாமல் கணக்குப் போடுவார், இன்னொருவர் பிளேடை மாட்டி இறுக்கியபின் இடையில் தகடு செருகிப் பார்ப்பார். இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி ஒப்பிட்டு என்ன பயன்?

தோராயமாக ஒன்று சொல்கிறேன், அதற்கு மேல் போகாதீர்கள். 0.7 சுற்றி இருப்பவை பெரும்பாலும் புதியவருக்கு ஒத்துவரும். 1-ஐத் தாண்டியவற்றை இப்போது தொட வேண்டாம். அப்புறம் மூலே ஆர்41 என்ற பெயரைப் பார்த்தால், எண் எதுவாக இருந்தாலும், பக்கம் திருப்பிவிடுங்கள். ஆர்89-க்குத் தம்பி மாதிரி தெரியும், குணம் நேர் எதிர். உங்கள் அட்டவணையில் ஐந்தாவது வரியில் அதுதான் இருக்கிறது.

கேள்வி: ரேசர் வாங்கினேன். முகமெல்லாம் எரிகிறது. வேறு எது வாங்கலாம்? அவசரம்.

பதில்: என்ன ரேசர்? என்ன பிளேடு? எத்தனை சுற்று? எந்தத் திசை? நுரை போட்டீர்களா, தண்ணீரில் நனைத்ததோடு சரியா? இதில் ஒன்றையும் எழுதாமல் அவசரம் என்றால் ஜோசியம்தான் சொல்ல முடியும். சரி, சொல்கிறேன்: அழுத்தினீர்கள், முடி இல்லாத இடத்திலும் மூன்று சுற்று போனீர்கள், கழுத்தில் எதிர்த்திசையில் இழுத்தீர்கள். வேறெதுவும் வாங்காதீர்கள். எரிச்சல் முழுக்க அடங்கும்வரை விடுங்கள். பிறகு புதுப் பிளேடு போட்டு, வளரும் திசையில் ஒரே சுற்று. கழுத்தில் முடி பக்கவாட்டில் படுத்து வளரும், விரலால் தடவித் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் எரிந்தால் பிளேடை மட்டும் மாற்றுங்கள். ரேசர், பிளேடு, சோப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எதனால் எரிந்தது என்று என்னைக் கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

கேள்வி: மெல்லிய முடிக்குக் கூர்மை குறைந்த பிளேடு போதும் அல்லவா?

பதில்: இல்லை. ரேசர் மென்மையாக இருப்பது வேறு, பிளேடு மழுங்கலாக இருப்பது வேறு. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். மழுங்கிய முனை மெல்லிய முடியை வெட்டாது, சாய்த்துவிட்டு மேலே வழுக்கிக்கொண்டு போகும். விட்டுப்போன முடியை எடுக்க நீங்கள் அழுத்துவீர்கள். அங்கேதான் ரத்தம். மென்மையான ரேசரில் நடுத்தரக் கூர்மையான பிளேடு என்பதே என் சேர்க்கை. ஆஸ்ட்ரா, பெர்சோனா போன்றவற்றில் தொடங்கலாம். ஃபெதர் ரேசர்தான் மென்மை, ஃபெதர் பிளேடு மிகவும் கூர்மை, கை பழகியபின் பார்க்கலாம். ஐந்தாறு வகை கலந்த சிறு பொட்டலம் கிடைத்தால் அதை வாங்குங்கள், நூறு பிளேடு பெட்டியை முதலிலேயே வாங்காதீர்கள்.

ஒரு பிளேடு நாலிலிருந்து ஏழு மழிப்பு வரும், மெல்லிய முடிக்கு இன்னும் சற்றுக் கூடலாம். எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், முடியை இழுப்பது போல் தெரிந்த அன்றே தூக்கிப் போடுங்கள். மழித்தபின் பிளேடைத் துண்டால் துடைக்காதீர்கள், முனையும் போகும் விரலும் போகும். தண்ணீரில் அலசி உதறினால் போதும். பழைய பிளேடுகளை அப்படியே குப்பையில் போடக் கூடாது. ஒரு தகர டப்பாவில் மெல்லிய கீறல் போட்டு அதில் சேர்த்து, நிறைந்ததும் கீறலை மூடிவிட்டு டப்பாவோடு அப்புறப்படுத்துங்கள். குப்பை அள்ளுபவருக்கும் கை இருக்கிறது.

கேள்வி: மழிக்க ஆரம்பித்தால் முடி தடித்து வளருமா?

பதில்: வளராது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற உடற்கூறியல் ஆய்வாளர் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். வெட்டிய நுனி மொட்டையாக இருப்பதால் தடவும்போது சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 19 வயதில் தாடி அடர்ந்தால் அதற்குக் காரணம் வயது.

கேள்வி: நான் பெண். மேலுதட்டிலும் கன்னத்திலும் பூனைமுடி. இந்த ரேசரைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. மேலே சொன்ன மென்மையான ரகங்களே போதும், பெண்களுக்கென்று நிறம் மாற்றி விற்பதைத் தேடிப் போக வேண்டாம். மூக்குக்குக் கீழே தலை பெரிதாகத் தெரியும். மேலுதட்டைப் பல்லின் மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழாகச் சின்னச் சின்ன இழுப்பு. வளரும் திசையில் மட்டும். அழுத்தாதீர்கள், கன்னத்துத் தோல் மெல்லியது. ஆனால் தாடையிலோ கழுத்திலோ கறுத்துத் தடித்த முடி புதிதாக வர ஆரம்பித்தால், அதோடு மாதவிடாயும் ஒழுங்கு தவறினால், மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் காரணம் இருக்கலாம், அதற்கு ரேசர் பதில் இல்லை.

கேள்வி: முகத்தில் பருக்கள் இருக்கின்றன. பருவுக்கு மாத்திரையும் எடுக்கிறேன்.

பதில்: பருவின் தலையைச் சீவாமல் சுற்றிப் போங்கள், ஒவ்வொரு முறையும் நல்ல பிளேடு. மெல்லிய தாடிக்கு வாரம் இரண்டு தடவை போதும், தினமும் மழிக்க என்ன அவசியம்? மாத்திரை ஐசோட்ரெட்டினாயின் என்றால் தோல் வறண்டு எளிதில் கிழியும். மருந்து எழுதியவரைக் கேட்காமல் பிளேடைத் தொட வேண்டாம்.

கேள்வி: தாத்தாவின் ஜில்லட் டெக் ரேசர் பெட்டியில் கிடந்தது. அதையே பயன்படுத்தலாமா, புதிது வாங்க வேண்டுமா?

பதில்: வாங்கவே வேண்டாம், உங்களுக்கு அதிர்ஷ்டம். டெக் மென்மையான ரேசர், மெல்லிய தாடிக்கு என்றே செய்தது போல் இருக்கும். இன்றைய இரட்டை முனை பிளேடு அதில் அப்படியே பொருந்தும். கழற்றி, பாத்திரம் கழுவும் திரவமும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்துத் தேயுங்கள். கொதிக்கும் நீரில் போடாதீர்கள், வினிகரில் ஊறவைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள், முலாம் போய்விடும். பிளேடு மாட்டியபின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா பாருங்கள். ஒரு பக்கம் தூக்கினால் தலை வளைந்திருக்கிறது. அப்படியென்றால் அலமாரியில் நினைவாக வையுங்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரேசருக்கு அதிகம் செலவழிக்கலாமா?

பதில்: முதல் ரேசருக்கு வேண்டாம். முலாம் பூசிய துத்தநாகக் கலவையே பல வருடம் வரும், தரையில் போடாமலும் திருகை முறுக்கி இறுக்காமலும் இருந்தால். விரல் இறுக்கம் போதும்.

கேள்வி: எண் திருப்பி மாற்றும் அட்ஜஸ்டபிள் ரேசர் வாங்கினால் ஒன்றே போதுமே?

பதில்: போதும், மிக மென்மையான ஒன்றாம் எண்ணிலேயே ஒரு மாதம் நிற்கும் பொறுமை இருந்தால். பெரும்பாலோர் இரண்டாம் நாளே ஐந்துக்குப் போய்விட்டு ரேசரைத் திட்டுகிறார்கள். பிளேடுக்குக் கீழே உள்ள தட்டை மாற்றும் ராக்வெல் 6எஸ் போன்றவற்றில் தட்டைக் கழற்றி மாற்ற வேண்டியிருப்பதால் விளையாட்டு கொஞ்சம் குறையும். எண் திருப்பும் ரகத்தில் மெர்க்குர் ஃபியூச்சர் உங்களுக்கு வேண்டாம், அதன் குறைந்த எண்ணே உங்களுக்கு அதிகம்.

கேள்வி: விமானத்தில் கைப்பையில் எடுத்துப்போகலாமா?

பதில்: பிளேடு கூடாது, மாட்டியிருந்தாலும் சரி, பொட்டலத்தில் இருந்தாலும் சரி. அதைப் பதிவு செய்யும் பெட்டியில் போடுங்கள். பிளேடு இல்லாத ரேசரைப் பொதுவாக விடுவார்கள், ஆனால் முடிவு சோதனை அதிகாரியுடையது. கைப்பை மட்டுமே என்றால் போய்ச் சேர்ந்த ஊரில் பிளேடு வாங்கிக்கொள்ளுங்கள்.