நோயாளி பாதுகாப்பு: விரிவுரையில் புரிவது வார்டில் ஏன் தெரிவதில்லை?

கேள்வி: வேலூருக்கு அருகே ஒரு செவிலியர் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். எங்கள் வளாகத்திலேயே பார்மசி கல்லூரியும் இயங்குகிறது. நோயாளி பாதுகாப்பு பற்றி இறுதியாண்டில் இரண்டு விரிவுரைகள் எடுக்கிறோம். மாணவிகள் தேர்வில் நன்றாக எழுதுகிறார்கள். வார்டில் அது தெரிவதில்லை. விரிவுரைகளைக் கூட்ட வேண்டுமா?

பதில்: விரிவுரைகளைக் கூட்டுவதால் பெரிய பயன் இராது. உலக சுகாதார நிறுவனம் மருத்துவம், செவிலியம், பார்மசி, பல் மருத்துவம், மகப்பேறு உதவி ஆகிய துறைகளுக்குப் பொதுவாக 2011இல் வெளியிட்ட பாடத்திட்ட வழிகாட்டியில் 11 தலைப்புகள் உள்ளன. அத்தனையையும் ஓராண்டில் முடிக்க முயலாமல், மாணவிகள் தினமும் தங்கள் கையால் செய்கிற இரண்டு வேலைகளை எடுத்துக்கொண்டு, முதலாண்டு வார்டு பணியிலிருந்தே தொடங்குங்கள்.

முதலாவது, நோயாளியை அடையாளம் காண்பது. வேலூர் மருத்துவமனைகளுக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் மேற்கு வங்கம், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். "நீங்கள்தானே செல்வி?" என்று கேட்டால், தமிழ் தெரியாதவரும், காது மந்தமான மூதாட்டியும், வலியில் கிடப்பவரும் தலையை ஆட்டிவிடுவார்கள். ஆகவே "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைத்து, பிறகு கைப்பட்டையிலுள்ள மருத்துவமனை எண்ணை மருந்துத் தாளோடு ஒப்பிடும் பழக்கம் வர வேண்டும். பெரியவர்கள் பலருக்குச் சரியான பிறந்த தேதி தெரியாது என்பதால் நம் ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது. படுக்கை எண்ணோ நோயாளி இடம் மாறினால் பொருளற்றதாகிவிடும். நீங்களே பக்கத்தில் நின்று, ஒரு மாணவி பத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதைப் பாருங்கள். எந்த இடத்தில் கேள்வி சுருங்கி, ஆறாவது படுக்கையில் வெறும் புன்னகையாக மாறுகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, மருந்து. இதற்குப் பார்மசி மாணவர்களையும் கூட்டி உட்கார வையுங்கள். டோபமின், டோபுடமின் போல ஒலியில் நெருங்கிய பெயர்களையும், ஒரே அளவும் நிறமுமாக இருக்கும் ஆம்பூல்களையும் (ஊசி மருந்துள்ள சிறு குப்பிகள்) ஒரு டிரேயில் கலந்து வைத்து, இரவுப் பணியின் மங்கிய வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். அடர் பொட்டாசியம் குளோரைடைக் கரைக்காமல் நேரடியாக இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பதைப் பாடமாகச் சொல்வதைவிட, அந்த ஆம்பூல் ஏன் வார்டு அலமாரியிலேயே இருக்கக் கூடாது என்று இரு துறையினரையும் விவாதிக்க விடுவது நல்லது. தொலைபேசியில் டாக்டர் சொல்லும் மருந்தை எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளும் பயிற்சியையும் இதோடு சேர்க்கலாம்.

இவையெல்லாம் எளிது, கடினமானது இன்டர்னல் மார்க். தவறு நடக்கவிருந்து தப்பிய ஒரு சம்பவத்தை வந்து சொன்ன மாணவிக்கு மதிப்பெண் குறைந்தால், அடுத்த சம்பவத்தை அந்த வகுப்பில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். வாரம் ஒருமுறை, நோயாளி பெயரோ பணியாளர் பெயரோ இல்லாமல் அப்படிப்பட்ட ஒன்றை எடுத்து, யார் செய்தார் என்பதை விட்டு, எந்தெந்தத் தடுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவறின என்று கேளுங்கள். நோயாளிக்கு உண்மையிலேயே பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அது வகுப்பறை விஷயமல்ல; உடனே வார்டு பொறுப்பாளருக்கும், மருத்துவமனையின் சம்பவ அறிக்கைக்கும் போக வேண்டும்.

தேர்விலும் கட்டுரைக் கேள்வியைக் குறைத்து, செய்முறைத் தேர்வில் இதைச் செய்து காட்டுவதற்கென்றே ஒரு நிலையம் வையுங்கள். பெயர் ஒன்றாகவும் கைப்பட்டை எண் வேறாகவும் இருக்கும் மாதிரி நோயாளியிடம், மருந்து கொடுக்காமல் நிறுத்துகிற மாணவிக்கே முழு மதிப்பெண்.