நாக்கை பிரிச்சு ஒரு வாரமாச்சுங்க, இன்னும் பையன் சரியா பால் குடிக்க மாட்டீங்கறான்

கேள்வி: அக்கா, நான் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து எழுதறேனுங்க. பையன் பொறந்து 19 நாளாச்சு. பொறந்தப்ப 2.9 கிலோ. நாக்கு அடியில ஒட்டியிருக்குதுன்னு 12வது நாள் ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரியில கட் பண்ணி விட்டாங்க, அன்னைக்கு எடை 2.65 தான். இப்ப 2.8. கட் பண்ணுனா அன்னைக்கே நல்லா குடிப்பான்னு நெனச்சேன், ஆனா இன்னமும் காம்புல இருந்து வழுக்கி வழுக்கி விட்டுர்றான், டக் டக்னு சத்தம் வருது, எனக்கு காம்பு வெடிச்சு உயிர் போகுது. நாக்குக்கு அடியில வெள்ளையா ஒண்ணு இருக்குது, சீழான்னு பயமா இருக்குது. அம்மிச்சி வசம்பு ஒரசி தேன்ல கொழைச்சு வெக்கச் சொல்றாங்க. தெனம் 6 தடவை நாக்கைத் தூக்கி அமுக்கி விடச் சொல்லி ஆஸ்பத்திரியில சொன்னாங்க, அவன் கத்தற கத்துல என்னால முடியலீங்க. மாமியா என் பால் பத்தலைன்னு சொல்லி ராத்திரி ரெண்டு தடவை பாட்டல்ல பவுடர் பால் குடுக்கறாங்க. நான் என்னக்கா பண்றது?

பதில்: கண்ணு, மொதல்ல நீயே எழுதுன கணக்கைப் பாரு. 7 நாள்ல 150 கிராம் ஏறியிருக்கான், நாளைக்கு 20 கிராமுக்குக் கொஞ்சம் மேல. இந்த வயசுல 20ல இருந்து 30 கிராம் ஏறுனா போதும். பவுடர் பாலும் அதுல சேந்திருக்குதுங்கறது நெசந்தான், பொறந்த எடைக்கு ரெண்டு வாரத்துல திரும்பியிருக்கணும், அதுவும் தள்ளிப் போயிருச்சு, அதனால எடையை விட்டுப் பிடிக்கக் கூடாது. ஆனா பையன் கீழ எறங்கல, மேலதான் ஏறறான். கிராமத்து நர்ஸம்மாகிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா அதே தராசுல, துணியில்லாம எடை போட்டு எழுதி வெச்சுக்கோ.

கட் பண்றது நாக்கோட கட்டை மட்டுந்தான் அவுக்கும். சப்பற பழக்கம் அவன் வயித்துக்குள்ள இருக்கறப்பவே கத்துக்கிட்டது, அங்கயே வெரலைச் சப்பிட்டு இருந்தவன், அப்பவும் நாக்கு கட்டிக் கெடந்துதான். அதனால நாக்கை முன்னால நீட்டி காம்பைக் கப்புனு ஏந்தறதுக்குப் பதிலா ஈறுல கடிச்சுப் பிடிச்சுப் பழகிட்டான். இப்ப புதுசா கத்துக்கணும். சில கொழந்தைங்க அன்னைக்கே மாறிரும், பலதுக்கு ஒரு வாரம் ரெண்டு வாரம் ஆகுது. ஆஸ்பத்திரியில இதைச் சொல்லி அனுப்பியிருந்தா நீ இத்தனை வெசனப்பட்டிருக்க மாட்ட, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்குது.

அந்த வெள்ளை பெரும்பாலும் சீழா இருக்காது. வாய்க்குள்ள புண் ஆறறப்ப அப்படித்தான் வெள்ளையா, கொஞ்சம் மஞ்சளா படலம் கட்டும், வைர வடிவத்துல இருக்கும், ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா போயிரும், தொடைச்சு எடுக்காத. அது மேல வசம்பு, தேன், உரை மருந்து எதையும் வெக்க வேண்டாம். அம்மிச்சிகிட்ட மரியாதையாவே சொல்லு, ஒரு வருசம் ஆகற வரைக்கும் தேன் நாக்குல படவே கூடாது, அதுல இருக்கற ஒரு கிருமி சின்னக் கொழந்தையோட நரம்பைப் பாதிச்சு உடம்பையே தளர வெச்சிரும்.

நாக்கைத் தூக்கி அமுக்கறதைப் பத்தி: அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்னு அமெரிக்காவுல கொழந்தை டாக்டருங்களோட சங்கம் இருக்குது, அது 2024ல வெளியிட்ட அறிக்கையில இந்தப் பயிற்சியை அவங்க பரிந்துரைக்கல. வெட்டுன டாக்டர்கிட்ட போன்ல இதைச் சொல்லி நிறுத்திக்கலாமான்னு கேளு. வாய்க்குள்ள கை வந்தாலே வலிதான்னு கொழந்தை நெனச்சுட்டா அப்பறம் மார்புகிட்ட வந்தாலும் தலையைத் திருப்பிக்கும், நான் பாத்திருக்கேன். நாக்குக்கு நல்ல பயிற்சி பால் குடிக்கறதுதான்.

இனி பிடிக்க வெக்கறதுக்கு வர்றேன். கட்டில்ல தலகாணி வெச்சு நல்லா சாஞ்சு படுத்த மாதிரி உக்காரு, பையனை ஜட்டியோட மட்டும் உன் வயித்து மேல குப்புற படுக்க வை, அவன் வயிறு உன் வயித்துல ஒட்டட்டும். அவனோட எடையே அவனை உன் மேல அழுத்தறதால தாடையும் நாக்கும் தானா முன்னுக்கு வரும். அவன் மூக்குகிட்ட காம்பு வர்ற மாதிரி வெச்சுட்டுப் பொறு, கொட்டாவி விடற மாதிரி வாயை அகலமா தொறக்கற வரைக்கும் பொறு, அதுக்குள்ள திணிக்காத. தொறந்ததும் தாடை மொதல்ல மார்புல படணும், கீழ் உதடு வெளிய மடிஞ்சிருக்கணும், காம்பைச் சுத்தி இருக்கற கருப்பு பாகம் அவன் மேல் உதட்டுக்கு மேல எச்சா தெரியணும், கீழ கொறைவா. மொதல் அரை நிமிசத்துக்கு மேலயும் வலிச்சா சுண்டு வெரலை வாயோரத்துல விட்டு எடுத்துட்டு மறுபடி வை, 5 தடவை ஆனாலும் சரி. குடிச்சு முடிச்சு விட்டப்ப காம்பு உருண்டையா இருந்தா நல்லா பிடிச்சிருக்கான், லிப்ஸ்டிக் முனை மாதிரி சாஞ்சு நசுங்கியிருந்தா கடிச்சிருக்கான். சப்பறது நின்னு வெறுமனே வாயை ஆட்டுனான்னா மார்பை நாலு வெரலால மெதுவா அமுக்கி விடு, பால் எறங்கும், மறுபடி முழுங்குவான். அவன் வீல்னு அழுததுக்கு அப்பறம் ஆரம்பிக்காத, கையை வாய்க்குக் கொண்டு போறான் பாரு, அப்பவே எடு.

உன் பால் பத்தலைன்னு சொல்றாங்களே, அதுல அவங்க மேலயும் கோவம் வேண்டாம் கண்ணு, பேரன் அழுதா யாருக்கும் மனசு கேக்காது. ஆனா நடந்தது வேற. நாக்கு கட்டியிருந்த 12 நாளும் அவன் மார்பைச் சரியா காலி பண்ணல, காலியாகாத மார்பு பாலைக் கொறைச்சிரும். காலி பண்ணா மறுபடி ஊறும். அதனால அவன் குடிச்சு முடிச்சதும் கையாலயோ பம்ப்லயோ 10, 15 நிமிசம் பீச்சி எடு, ஒரு நாளைக்கு 8 தடவையாவது மார்பு காலியாகணும், அதுல ஒண்ணு நடு ராத்திரி, அப்பத்தான் பால் சொரக்கற ஹார்மோன் எச்சா இருக்கும். எடுத்த பாலை மாமியாகிட்ட குடு, ராத்திரி பவுடர் பாலுக்குப் பதிலா அதைச் சங்குலயோ பாலாடையிலயோ அவங்களே ஊத்தட்டும். பாட்டல்ல நாக்கை வேற மாதிரி வெச்சுக் குடிக்கலாம், இப்பத்தான் பழகற நாக்கைக் கொழப்ப வேண்டாம். பவுடர் பாலை ஒரே நாள்ல நிறுத்தாத, உன் பால் ஏற ஏற கொறைச்சுட்டே வா. பீச்சின பால் வெளிய 4 மணி நேரம் தாங்கும், நம்மூரு சித்திரை வெயில்ல அத்தனை நேரம் வெக்காத, பிரிட்ஜ் உள்பக்கம் வெச்சா 4 நாள். வெடிச்ச காம்புல உன் பாலையே ரெண்டு சொட்டு தடவி காத்தாட விடு.

செலவு ரசம், பூண்டு எல்லாம் தாராளமா சாப்புடு, அரிசிம்பருப்பு சாதத்துக்கு நெய் ஊத்திக்கோ, ஆனா பத்தியம்னு சொல்லித் தண்ணி குடிக்க விடாம வெச்சா கேக்காத. ஒறம்பரை வந்தா கொழந்தையைக் கையில குடுத்துட்டு நீ எந்திரிச்சுப் போய் டீ போடாத, படு.

ஒரு நாளைக்கு 6 தடவையாவது நல்லா ஈரமாகற அளவு ஒண்ணுக்குப் போகணும். 6, 8 மணி நேரமா போகவே இல்ல, எழுப்புனாலும் குடிக்காம சோர்ந்து கெடக்கான், காச்சல் 100.4 டிகிரி தொட்டிருச்சு, வாயில ரத்தம் நிக்காம வருது, இதுல எது நடந்தாலும் காலைல போலாம்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ, 108க்குப் போன் பண்ணு. உனக்கு மார்பு ஒரு பக்கம் செவந்து கல்லாட்டம் ஆகிக் குளிர்காச்சல் வந்தாலும் அன்னைக்கே டாக்டரைப் பாரு, பால் குடுக்கறதை மட்டும் நிறுத்தாத.

இன்னும் ஒரு வாரம் இப்படிப் பண்ணியும் வலி கொறையலைன்னா மறுபடி ஒரு கட் போடலாம்னு யாராவது சொன்னா ஒடனே தலையாட்டாத, மொதல்ல நீ பால் குடுக்கறதை ஒரு தடவை முழுசா உக்காந்து பாக்கற நர்ஸோ ஆலோசகரோ இருக்கற எடத்துக்குப் போ. ஈரோடு போற வழியில பசிச்சான்னா பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறை இருக்கும், 2015ல இருந்து தமிழ்நாடு முழுக்க வெச்சிருக்காங்க.

கேள்வி: அஞ்சு மாசப் பொண்ணுக்கு நாக்கு ஒட்டியிருக்குதுங்க, பால் நல்லா குடிக்கறா, எடையும் சரி. பேச்சு வராம போயிரும்னு இப்பவே கட் பண்ணச் சொல்றாங்க. பண்ணலாமுங்களா? (ஒரு அப்பா, தாராபுரம்)

பதில்: நல்லா குடிச்சு எடை ஏறறப்ப வேண்டாமுங்க. பேச்சுக்காக முன்கூட்டியே வெட்டுனா பலன் இருக்குதுன்னு ஆதாரம் இல்ல, நாக்கு ஒட்டியிருக்கற கொழந்தைங்க பலதும் தெளிவாத்தான் பேசுதுங்க. பேச்சு தள்ளிப் போனா மொதல்ல பாக்க வேண்டியது காதுங்க, பொறந்தப்ப காது டெஸ்ட் எடுக்கலைன்னா அதை இந்த மாசமே எடுத்துருங்க.