டெங்கு: கேள்விகளும் பிளேட்லெட் தகராறும்

கே: அப்பாவுக்குப் பிளேட்லெட் 42,000. உடனே ஏற்றச் சொல்லட்டுமா?

ப: பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் அணு. ரத்தக்கசிவு இல்லாதபோது அந்த எண்ணுக்காக மட்டும் ஏற்ற வேண்டியதில்லை. பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு, எவ்வளவு என்று கேளுங்கள். டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிவதுதான். அப்படிக் கசிந்தால் மிஞ்சும் ரத்தம் கெட்டிப்பட்டு பி.சி.வி. ஏறும். வழக்கமாக 36 இருப்பவருக்கு 43-ஐத் தாண்டினால், அதாவது 20 சதவீதம் ஏறினால், கசிவு கணிசம்.

கே: தங்கைக்குக் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

ப: காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். நீர்க்கசிவு பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நகராதீர்கள். இல்லையென்றாலும் டாக்டர் அனுப்பும்வரை இருங்கள்.

கே: 18,000-க்கு இறங்கினால்கூட ஏற்றக் கூடாதா? இது என்ன பிடிவாதம்?

ப: என் பிடிவாதம் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலுமாக ஐந்து மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே, ஆனால் கடும் ரத்தக்கசிவு இல்லாத 372 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் பிளேட்லெட் ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் 21 சதவீதம் பேருக்கும் ஏற்றாதவர்களில் 26 சதவீதம் பேருக்கும் ரத்தக்கசிவு வந்தது.

கே: நான் மருத்துவ மாணவி. 21 என்பது 26-ஐவிடக் குறைவுதானே? அதில் குழந்தைகளும் இல்லையே?

ப: நல்ல கேள்வி, இப்படித்தான் மடக்க வேண்டும். அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். பக்கவிளைவுகளில் அப்படி இல்லை: ஏற்றிய பக்கம் 13 சம்பவங்கள், ஏற்றாத பக்கம் 2. அந்த 13-ல் நுரையீரல் பாதிப்பு ஒன்று, கடும் ஒவ்வாமை ஒன்று, உடலில் நீர் மிகுந்துபோனது ஒன்று. குழந்தைகள் இல்லை என்பது உண்மை. இந்த முடிவை அப்படியே அவர்களுக்குப் பொருத்த மாட்டேன். அப்புறம், ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவர் கதையே வேறு, அவருக்கு ஏற்றத்தான் வேண்டும்.

கே: என் மைத்துனருக்கு ஏற்றினோம், இரண்டே நாளில் 60,000. உங்கள் ஆய்வு என்ன சொல்லும்?

ப: ஏற்றாத பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் ஏறியிருக்கும் என்று சொல்லும். ஆபத்துக் கட்டம் தாண்டியதும் பிளேட்லெட் தானாகவே ஏறும். பப்பாளி இலைச் சாறு நல்ல பெயர் வாங்குவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

கே: இரண்டாம் முறை வந்தால் மோசமாமே?

ப: டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. முன்பு வந்தது ஒரு வகை, இப்போது வேறு வகை என்றால் அபாயம் கூடுதல், எல்லோருக்கும் மோசமாகும் என்றில்லை. கியூபாவைப் பாருங்கள். 1977-ல் முதல் வகை பரவியது, 1981-ல் இரண்டாம் வகை வந்து 158 பேர் இறந்தார்கள். 1997-ல் சாண்டியாகோ நகரில் மறுபடி இரண்டாம் வகை. அப்போது கடுமையாக விழுந்தவர்கள் பெரியவர்கள்தான், முதல் வகையைச் சந்தித்தே இராத குழந்தைகள் அல்ல. பழைய எதிர்ப்பொருள் புது வகையை அடக்கப் போதாமல், அது செல்லுக்குள் நுழைய வழிவிட்டுவிடுகிறது. இருபது ஆண்டு கழித்தும்!

கே: பிளேட்லெட் 55,000...

ப: முதல் பதில்.

கே: காய்ச்சல் விட்டது, ஆனால் வயிறு வலிக்கிறது.

ப: இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கே: உடம்புவலிக்கு ஐபுபுரூஃபன்?

ப: வேண்டாம், ஆஸ்பிரினும் வேண்டாம். பாரசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு.