இரும்பு இலையின் கழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் நான், வார இறுதிகளில் ஒரு கொல்லுப்பட்டறையில் அலங்கார வேலை பழகி வருகிறேன். நான் அடிக்கும் இலைகள் கரண்டிபோல் விரிகின்றன. பல இலைகள் காம்போடு சேரும் இடத்தில் விரிசல் விட்டு ஒடிகின்றன. நரம்பு கீறும் உளியை மாற்றியும் பயனில்லை. ரோஜாவைத் தகட்டில் வெட்டிச் செய்யச் சொல்கிறார் பயிற்றுநர். அது குறுக்குவழி ஆகாதா?

க.

அன்புள்ள க.,

குறை உளியில் இல்லை. நரம்பு கீறும் கட்டத்துக்கு வெகுமுன்பே, கம்பியின் நுனியைக் கூராக்கி, இலை காம்போடு சேரும் கழுத்தை ஒடுக்கும்போதே, இலையின் உருவம் முடிவாகிவிடுகிறது. 12 மில்லிமீட்டர் கம்பியின் நுனியைக் கூராக்கி, அதற்குச் சற்றுப் பின்னால் பட்டடையின் (இரும்பை வைத்து அடிக்கும் அடிக்கட்டையின்) விளிம்பில் வைத்து, சுத்தியலின் பாதி முகம் மட்டும் படும்படி அடித்து ஒடுக்கினால், முன்னால் ஒரு மொத்தை தனித்து நிற்கும்; அதைத் தட்டையாக்கினால் இலை. கூர் குட்டையாக இருந்தால் அகன்ற இலையும், நீண்டிருந்தால் மூங்கில் இலையும் வரும். கூரே சரியாக அமையாத மொத்தைதான் உங்களுக்குக் கரண்டியாகிறது.

விரிசலுக்கும் காரணம் கழுத்துதான். பட்டடையின் கூர்மையான விளிம்பில் ஒரே பக்கமாக அடித்தால் இரும்பு தன்மேலேயே மடிந்து படியும். அந்த மடிப்பு ஒட்டாமல் உள்ளே கிடந்து, காம்பை நீட்டும்போது வாய் பிளக்கும். ஆகவே உருண்டையாக்கப்பட்ட விளிம்பைத் தேர்ந்து, கம்பியைத் திருப்பித் திருப்பி அடியுங்கள். மடிப்பு தென்பட்டால் அப்போதே அரத்தால் ராவி எடுத்துவிடுங்கள். மேலும், ஒடுங்கிய கழுத்தும் இலை நுனியும் மொத்தைக்கு முன்பே சூடேறும் என்பதால், அவற்றை உலையின் நடுவில் விட்டு மறந்தால் பொறி பறந்து எரிந்துபோகும். விரிந்த இலையோ சில நொடிகளில் ஆறிவிடும். நரம்பு கீறுவதற்கென்றே அதைத் தனியாக ஒருமுறை காய்ச்ச வேண்டும்.

தகடு குறுக்குவழி அன்று. நீங்கள் இங்கிலாந்தில் இருப்பதால் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குச் சென்று, பிரெஞ்சுக்காரரான ழான் திஜூ மூன்றாம் வில்லியம் மன்னருக்காகச் செய்த 12 இரும்புத் தட்டிகளைப் பாருங்கள். அவற்றின் செழித்த இலைகள் தகட்டைப் பின்புறமிருந்து புடைத்து எடுத்தவை. 1693இல் திஜூ வெளியிட்ட இரும்பு வேலை வடிவங்களின் நூலிலும் அத்தகைய இலைகளே நிறைந்துள்ளன. பிரான்சின் நான்சி நகரச் சதுக்கத்தில் 1750களில் ழான் லமூர் அமைத்த பொன்பூசிய கதவுகளும் இவ்வகையே. கம்பியில் அடித்த இலைக்குத் தடிமனும் காம்போடு ஒன்றிய ஓட்டமும் உண்டு. இதழ்மேல் இதழாக மடியும் மெல்லிய விளிம்பைத் தகடுதான் தரும். கம்பியில் ரோஜா செய்வதை வீம்பு என்றே சொல்வேன்.

ரோஜாவுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள தகட்டில் சிறிதும் பெரிதுமாக இதழ்வட்டங்களை வெட்டி, நடுவில் துளையிட்டு, தண்டின் நுனியில் கோத்து, அந்த நுனியை அடித்துத் தட்டையாக்கித் தறைந்துகொள்ளுங்கள். பிறகு காய்ச்சி, மேலே உள்ள சிறிய வட்டத்தை முதலில் மொட்டாகக் குவித்து, அடுத்தடுத்த வட்டங்களைச் சற்றுச் சற்று விரிய விடுங்கள். வெளி இதழ்களை முதலில் மடித்துவிட்டால் குறடு உள்ளே நுழையாது. துத்தநாகம் பூசிய தகட்டை மட்டும் உலையில் வைத்துவிடாதீர்கள், அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்.