காய்ச்சலோடு வந்தவரை மனநோயாளி என்று திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 46 வயது. மனச்சிதைவு நோய்க்காகப் பல ஆண்டுகளாகக் க்ளோசபின் மாத்திரை சாப்பிடுகிறான். 2021 மே மாதம் கொரோனா வந்தபோது, ‘மனநோயாளியை இந்த வார்டில் வைத்துக்கொள்ள முடியாது’ என்று ஒரு மருத்துவமனையில் திருப்பி அனுப்பினார்கள். அலைந்து திரிந்து வேறிடத்தில் சேர்த்தோம், பிழைத்துக்கொண்டான். மறுபடி அப்படியொரு தொற்று வந்தால் நான் என்ன செய்வது? – வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அன்று நடந்தது தவறு, அம்மா. இன்னும் கெஞ்சிக் கேட்டிருக்கலாமோ என்று நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21ஆவது பிரிவில், மனநோய் உள்ளவர்களை மற்ற நோயாளிகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. ஆம்புலன்ஸுக்கும் அது பொருந்தும்.

உங்கள் தம்பிக்கு இருந்த ஆபத்தும் பெரிது. நியூயார்க்கில் கொரோனா உறுதியான 7,348 பேரை ஆராய்ந்து 2021 ஜனவரியில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், மனச்சிதைவு வகை நோய் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு சுமார் 2.7 மடங்கு. வயதுக்கு அடுத்த பெரிய ஆபத்து அதுதான். நோயின் தன்மைக்கும் அதில் பங்கிருக்கலாம். ஆனாலும் நம் நாட்டில் 2021 மார்ச்சில் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத் தடுப்பூசியில் முன்னுரிமை தர 20 உடல்நிலைகளைப் பட்டியலிட்டபோது, மனச்சிதைவின் பெயர் அதில் இல்லை. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

இரண்டாம் அலையின்போது மனச்சிதைவு உள்ள ஓர் இளைஞரை அவருடைய தாய் அழைத்துவந்தார். அந்த இளைஞர் பெஞ்சின் ஓரத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்குகிறதா என்றால் ‘இல்லை’, உடம்பு எப்படி என்றால் ‘நன்றாக இருக்கிறது’. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 84! ‘இரண்டு நாளாக டீயைப் பாதியில் வைத்துவிடுகிறான், டாக்டர்’ என்று தாய் சொன்னதுதான் அவரைக் காப்பாற்றியது. இந்த நோய் உள்ளவர்கள் பலர் வலியையும் திணறலையும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னாலும், மனப்பிரமை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆகவே உங்கள் தம்பி சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், காய்ச்சல் கண்ட நாளிலிருந்து ஆக்சிமீட்டரில் பாருங்கள். 94க்குக் கீழே போனால் காத்திருக்க வேண்டாம்.

க்ளோசபின் அரிதாக வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கடுமையான தொற்றின்போது ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறக்கூடும். புகைப்பவர் வார்டில் சேர்ந்து திடீரென நிறுத்தினாலும் ஏறும். அளவு மீறிய தூக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி கொடுக்கவும் கூடாது. மருத்துவர் சிறிய அளவிலிருந்து தொடங்குவார். தொற்று வார்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாமல் போவதுதான் என் பெரிய கவலை.

எனவே இந்த வாரமே அவருடைய மனநல மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: நோய், மருந்தின் அளவு, கடைசி ரத்தப் பரிசோதனை, வேறு நோய்கள், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண். ஒரு பிரதியை அவர் சட்டைப்பையில் வையுங்கள், ஒன்றை உங்கள் கைப்பையில். மருத்துவமனையில் முதலில் காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் சொல்லுங்கள். கடிதத்தை அதன் பிறகு நீட்டுங்கள். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். மூச்சுத் திணறினால் 108.