மானி தீபகற்பத்தின் ஊர்கள்: கேள்வி பதில்

கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் நிலப்பகுதி தெற்கே மூன்று முனைகளாகப் பிரிந்து கடலுக்குள் நீள்கிறது. அவற்றுள் நடுவில் இருப்பது மானி. டைகெட்டஸ் மலைத்தொடர் இறங்கிவந்து கடலில் முடியும் இந்தத் தீபகற்பத்தின் ஊர்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கோவையிலிருந்து ஒருவர்: ஐயா, ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் மானியைப் பார்த்துத் திரும்ப முடியுமா? முடியாதென்றால் எங்கே தங்குவது?

முடியும் என்று சொல்லும் பயண முகவர்கள் இருக்கிறார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏதென்ஸிலிருந்து கலமாட்டா வரை சுமார் 240 கிலோமீட்டர் நெடுஞ்சாலைப் பயணம் எளிதுதான் என்றாலும், அதற்குத் தெற்கே மலைச்சரிவில் வளைந்து வளைந்து செல்லும் சாலையில் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிட இயலாது. மூன்று இரவுகளாவது ஒதுக்குங்கள். அரெயோபோலியில் தங்கினால் வடக்கே கார்டமிலி, கிழக்கே யித்தியோ, தெற்கே டைனாரோ முனை ஆகிய மூன்றுக்கும் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் ஒன்றுசேர்ந்து வாட்டும் என்பதால் மே மாதமோ செப்டம்பர் இறுதியோ நல்லது. நடுக் குளிர்காலத்தில் சிறிய ஊர்களில் பல விடுதிகளும் உணவகங்களும் மூடப்பட்டிருக்கும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: புகைப்படங்களில் ஊருக்கு ஊர் கல் கோபுரங்களாகவே தெரிகின்றனவே, அவை காவல் கோட்டைகளா?

வெளியிலிருந்து வரும் பகைவரைத் தடுக்கவும் அவை உதவின. ஆனால் பெரும்பாலானவை பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகக் கட்டப்பட்டவை. மானியின் தென்பகுதியில் மண்ணும் குறைவு, நீரும் குறைவு. மழைநீரைத் தொட்டிகளில் சேமித்து, கற்களுக்கிடையே கிடைத்த சிறு நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்த குலங்கள், நிலத்துக்காகவும் மேய்ச்சலுக்காகவும் மானத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று பழிதீர்த்துவந்தன. எதிரியின் கூரையைவிட உயரமாகத் தன் கோபுரம் எழும்பினால்தான் மேலிருந்து சுடவும் கல்லெறிந்து கூரையைப் பெயர்க்கவும் முடியும் என்பதால், ஒரே தெருவில் இரு குடும்பங்கள் போட்டிபோட்டு மாடிமேல் மாடி கட்டின. அறுவடைக் காலத்தில் மட்டும் இரு தரப்பும் பேசி வைத்து ஆயுதங்களைக் கீழே வைப்பதுண்டு. ஆண் பிள்ளைகளைத் 'துப்பாக்கிகள்' என்றே கணக்கிட்டார்கள் என்பதிலிருந்து அந்த வாழ்வின் கடுமையை ஊகிக்கலாம். உயர்ந்த கோபுரம் கட்டும் உரிமையும் எல்லோருக்கும் இருந்ததில்லை. வலிமை வாய்ந்த குலங்களே அதைத் தமக்கென்று வைத்துக்கொண்டன.

இதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வாத்தியாவுக்குச் செல்லுங்கள். குன்றின் உச்சியில் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்கும் இந்த ஊரில் இன்று பெரும்பாலான வீடுகள் காலி. சிலவற்றின் உட்தளங்கள் இடிந்து கிடப்பதால் திறந்திருக்கும் கதவுகளுக்குள் நுழையாமல் சந்துகளில் மட்டும் நடப்பது பாதுகாப்பானது.

சென்னையிலிருந்து ஒருவர்: அரெயோபோலியில் தங்கச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கிரேக்க விடுதலைப் போருக்காக 1821 மார்ச் 17 அன்று மானி மக்கள் கொடி ஏற்றியது இங்கேதான். அவர்களுடைய தலைவர் பெட்ரோபே மாவ்ரோமிகாலிஸின் சிலை ஊர்ச் சதுக்கத்தில் நிற்கிறது. மற்ற இடங்களில் 'விடுதலை அல்லது மரணம்' என்று முழங்கியபோது, மானியின் கொடி 'வெற்றி அல்லது மரணம்' என்றது. நாங்கள் எப்போதும் விடுதலையோடுதான் இருந்தோம் என்பது அந்த ஊர்க்காரர்கள் தரும் விளக்கம். ஆறே நாளில், மார்ச் 23 அன்று, அவர்கள் கலமாட்டாவுக்குள் நுழைந்துவிட்டார்கள். ஆனால் புதிய அரசுக்கும் அவர்கள் எளிதில் பணியவில்லை. நாட்டின் முதல் ஆளுநர் கப்போடிஸ்ட்ரியாஸ் பெட்ரோபேயைச் சிறையில் அடைத்தார். 1831இல் பெட்ரோபேயின் தம்பியும் மகனும் நாஃப்பிலியோ நகரத்துத் தேவாலய வாசலில் ஆளுநரைக் கொன்றார்கள். குலப் பழி தேசிய அரசியலுக்குள் புகுந்துவிட்ட கதை அது. பாடநூல்களில் வரும் வீர வரலாற்றைவிட இந்த இரண்டாம் பகுதியே மானியை நன்றாக விளக்குகிறது என்பது என் எண்ணம்.

மாலையில் தேவாலயத்தைச் சுற்றியுள்ள கல் பாவிய தெருக்களில் நடந்துவிட்டு, கீழே லிமெனி குடாவுக்கு இறங்கி உணவருந்தலாம்.

திருச்சியிலிருந்து ஒருவர்: வாகனம் ஓட்டத் தெரியாதவர்கள் என்ன செய்வது?

ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டா, யித்தியோ வழியாக அரெயோபோலிக்குப் பேருந்து உண்டு. அதற்குத் தெற்கே பேருந்துகள் மிகக் குறைவு. வாடகைக் காரை நம்புவதே சரி. ஓட்டத் தெரிந்தவர்கள் இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிச் செல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மா: நாங்கள் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். பட்டினி கிடக்க நேருமா?

நேராது, அம்மா. இப்பகுதியின் பெயர்பெற்ற உணவு ஆரஞ்சுத் தோலோடு பக்குவப்படுத்திய புகையூட்டிய பன்றி இறைச்சிதான் என்றாலும், ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் ஆண்டில் பல நாள் இறைச்சி, பால், முட்டை தவிர்த்து நோன்பு இருப்பதால் மரக்கறிச் சமையல் அங்கே வளமானது. தக்காளியில் வேகவைத்த பெரிய வெள்ளை மொச்சை, எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட காட்டுக்கீரை, கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட பிரியாம் ஆகியவற்றைக் கேளுங்கள். நோன்பு உணவு வேண்டும் என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் அவர்களுடைய நோன்பில் கணவாய், இறால் போன்றவற்றுக்குத் தடையில்லை என்பதால் அவையும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். மாவை நீளமாக இழைத்து ஒலிவ எண்ணெயில் பொரிக்கும் லலாங்கியா மானிக்கே உரிய பலகாரம்.

பெங்களூரிலிருந்து ஒருவர்: டைனாரோ முனை வரை போவதில் பயன் உண்டா, அல்லது வரைபடத்தில் கடைசிப் புள்ளி என்பதற்காக மட்டும் போகிறார்களா?

கிரேக்கப் பெருநிலத்தின் தென்கோடி என்ற பெருமைக்காகப் போகிறவர்களே அதிகம். ஆனால் பழங்காலத்தில் அங்கே கடல் தெய்வமான பொசைடனுக்குக் கோயில் இருந்தது. அருகிலுள்ள குகை வழியாகவே பாதாள உலகுக்கு இறங்கலாம் என்று நம்பினார்கள். ஹெராக்ளீஸ் மூன்று தலை நாயை இழுத்துவந்ததும் இவ்வழியே என்பது புராணம். கார்ச் சாலை முடியும் இடத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பாதையோரம் வெட்டவெளியில் உரோமர் காலத்து வட்டமான தரைச் சித்திரம் ஒன்று கிடக்கிறது. நிழலே இல்லாத வழி அது. தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி: குழந்தைகளோடு செல்கிறோம். அவர்களுக்கு ஏற்ற இடங்கள் எவை?

டிரோஸ் குகைகளில் சுண்ணாம்புத் தூண்களுக்கிடையே நிலத்தடி நீரில் படகில் அழைத்துச் செல்வார்கள். அதைக் குழந்தைகள் விரும்புவார்கள். கோடையில் வரிசை நீளும் என்பதால் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். மணல் கடற்கரைக்கு வடக்கே ஸ்டூப்பா, கிழக்கே யித்தியோவை அடுத்த மாவ்ரோவூனி ஆகியவை ஏற்றவை. மாவ்ரோவூனியில் கோடையில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. வேலியிட்ட கூடுகளுக்கு அருகில் குடை ஊன்றவோ மணல் தோண்டவோ விடாதீர்கள்; இருட்டிய பிறகு கைவிளக்கோடு கரைக்குப் போக வேண்டாம், ஏனெனில் வெளிச்சத்தைக் கண்டு குஞ்சுகள் கடலுக்குப் பதிலாக நிலத்தை நோக்கி ஊர்ந்துவிடும்.