மூன்று மணி இருமலும் நாற்பது பக்க நோட்டும்

டாக்டரம்மா பதில்கள்

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம். கொல்லைக்கு அந்தப்புறம் நவீன அரிசி ஆலை. சம்பா அறுவடை வந்துவிட்டால் ராப்பகலாக ஓடும். கொடியில் காயும் துணி, துளசி மாடம், மூடாத குடம், எல்லாவற்றிலும் கருப்புத் தூள். என் மகனுக்கு நாலரை வயது. விடியக்காலை மூன்று மணிக்கு இருமல் ஆரம்பித்தால் நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். ‘பழகிப்போனால் ஆயுசுக்கும் விடாது’ என்று மாமியார் பயப்படுகிறார். அதனால் பழைய சிரப்பையே கொடுத்து வருகிறேன். வீடு மாற எங்களுக்கு வசதி இல்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், நீடாமங்கலம் வட்டம்

பதில்: தங்கச்சி, அந்த மூன்று மணி எங்கள் வீட்டிலும் இருந்தது. என் தம்பிக்கு இழுப்பு. அம்மா அவனை மடியில் சாய்த்துக்கொண்டு சுவரோரம் விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அப்போது எங்கள் ஊரில் யாரும் இன்ஹேலரைக் கண்ணால் பார்த்ததில்லை. உங்கள் வீட்டு அலமாரியில் அது இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இழுப்புக்குக் கடையில் கிடைக்கும் சால்பியூட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம் மருந்து இருக்கும். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம்தான். அதாவது இருபதில் ஒரு பங்கு. சிரப் வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றித்தான் நெஞ்சுக்கு வரும். சில பிள்ளைகளுக்குக் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். இன்ஹேலர் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. அது போதைப் பழக்கம் ஆகாது. மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் பயப்படுகிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் இந்த வயதில் ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல்) இல்லாமல் கொடுத்தால் மருந்தில் பாதிக்கு மேல் வாயிலேயே தங்கிவிடும். நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் பொருத்தி, ஒருமுறை அழுத்தி, பையன் ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு விடட்டும். அரை நிமிடம் கழித்து அடுத்தது. எத்தனை அழுத்து என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரும் தந்திருந்தால், நன்றாக இருக்கிறானே என்று நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

சரி, ஆலைக்கு வருவோம். நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். 100 கிலோ உமி எரிந்தால் சுமார் 20 கிலோ சாம்பல் மிஞ்சும். துணியில் படியும் கருப்புத் தூள் கண்ணை உறுத்தும், தொண்டையை அரிக்கும். ஆனால் அது பெரிய தூள், பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். நான் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாததற்கு. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத, 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் அடிவரை போய்விடும். நம்மைவிட வேகமாக மூச்சு விடும் பிள்ளைக்கு, அவன் எடைக்கு அது கூடுதலாகவே உள்ளே போகிறது. அவன் மூச்சுக்குழாயும் குறுகலானது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும்.

உங்கள் மகனுக்கு இழுப்பு வந்ததே ஆலையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்ப வாகு, சளிக் கிருமி எல்லாம் அதில் சேரும். ஆனால் இருக்கிற இழுப்பை இந்தப் புகை கிளறிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மார்கழி, தை மாதங்களில் ராத்திரி தரை குளிர்ந்துபோக, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நின்றுவிடும். புகை மேலே ஏறாமல் வீட்டு உயரத்திலேயே தங்கும். அதனால் ராத்திரியும் அதிகாலையும் ஆலைப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்துங்கள். வெயில் ஏறிய பிறகு எதிர்ப்பக்கத்தைத் திறந்துவிடுங்கள். கூட்டினால் தூள் பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். அவன் படுக்கை விரிப்பைக் கொல்லையில் காயப்போட வேண்டாம். அப்புறம், அவன் தூங்கும் அறையில் சாம்பிராணியும் கொசுவர்த்திச் சுருளும் கூடவே கூடாது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 சிகரெட்டுக்குக் குறையாத நுண்துகளை விடுகிறது என்று ஆய்வில் அளந்திருக்கிறார்கள். கொசுவலை கட்டுங்கள்.

இனி ஒரு வேலை சொல்கிறேன், தட்டாமல் செய்யுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, எத்தனை மணிக்கு இருமினான், இன்ஹேலர் எத்தனை அழுத்து, அன்றைக்குத் தூள் விழுந்ததா, காற்று எந்தப் பக்கம். தினமும் இரண்டு வரி போதும். சில வருடங்களுக்கு முன் ஒரு தாய் அப்படி மூன்று மாதம் எழுதிக்கொண்டு வந்தார். அதைப் பார்த்துத்தான் அவர் பெண்ணின் மருந்தை என்னால் சரியாக மாற்ற முடிந்தது. அதே நோட்டைப் பிரதி எடுத்துத் தெருக்காரர்கள் மனுவோடு கொடுத்தார்கள். பிறகு அந்த ஆலையில் சாம்பலை நனைத்து, தார்ப்பாய் போட்டு லாரியில் ஏற்றினார்கள். பெண்ணுக்கு இழுப்பு முழுவதும் போகவில்லை, ஆனால் ராத்திரி விழிப்பது குறைந்தது.

ஆலை ஓட மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது. வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு. இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள். தனியாகப் போகாமல் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆலையில் வேலை பார்க்கும் வீடுகளும் உங்கள் தெருவில் இருக்கும். ஆலையை மூடுங்கள் என்று கேட்காமல் தூளையும் புகையையும் கட்டுப்படுத்துங்கள் என்று கேட்டால் அவர்களும் வருவார்கள்.

ஒன்று மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். அவன் அமைதியாக இருக்கும்போது சட்டையைக் கழற்றி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 40 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பேத்திக்கு வீசிங். வாழைப்பழம், தயிர் இரண்டையும் ஒரு வருடமாக நிறுத்திவிட்டோம். திரும்பக் கொடுக்கலாமா?
- ஒரு தாத்தா, வலங்கைமான்

பதில்: கொடுங்கள் ஐயா. எதையாவது சாப்பிட்டவுடன் இருமலோ தடிப்போ வந்தால்தான் அதை நிறுத்த வேண்டும், அப்போதும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. ஐஸ் போல் குளிர்ந்த தயிர் வேண்டாம் என்றால் வெளியில் வைத்துக் கொடுங்கள். ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பாள், பாவம். இன்றைக்கு மத்தியானமே தயிர்சாதம் பிசைந்து கொடுங்கள்.